போருக்கு முந்தைய நாட்களில் மக்கள் என்ன நினைக்கிறார்கள், பணம் என்ன நினைக்கிறது?

வாசகர் ஒருவரின் பதிவு, பிப்ரவரி 3

எந்தப் போரை எடுத்துப் பார்த்தாலும் அடியில் பணம்தான் இருக்கிறது. எண்ணெய், சந்தை, கடன், ஆயுத வியாபாரம். கொடி, மானம், பாதுகாப்பு எல்லாம் மேல்பூச்சு. மக்களும் கடைசி நேரத்தில் கைதட்டத்தான் செய்கிறார்கள். மக்கள் கருத்து என்று தனியாக ஒன்று இருப்பதாகவே எனக்குத் தோன்றவில்லை. மறுப்பவர்கள் ஒரு உதாரணமாவது காட்டுங்கள்.

பிப்ரவரி 3, இரவு: முதல் பதிவுக்கு என் பதில்

உங்கள் தரப்புக்கு இருப்பதிலேயே வலுவான சான்றை நானே எடுத்துத் தருகிறேன். அப்புறம் சண்டை போடலாம்.

1839 ஜூனில் சீன அதிகாரி லின் செசு ஹூமன் கடற்கரையில் 20,000 பெட்டிக்கும் அதிகமான அபினை அழித்தார். அதில் பெரும்பகுதி இந்தியாவில் விளைந்தது. சரக்கை ஒப்படைக்கச் சொன்ன பிரிட்டிஷ் அதிகாரி சார்லஸ் எலியட், அரசாங்கம் ஈடு கட்டும் என்று வணிகர்களுக்கு வாக்குக் கொடுத்துவிட்டார். லண்டனில் இருந்த அரசுக்கோ கஜானாவிலிருந்து அந்தப் பணத்தைக் கொடுக்க மனம் இல்லை. அபின் வணிகர் வில்லியம் ஜார்டின் நேரே லண்டன் போய் வெளியுறவு அமைச்சர் பாமர்ஸ்டனைப் பார்த்தார். எந்தத் துறைமுகத்தை மறிக்கலாம், எவ்வளவு படை வேண்டும் என்பது வரை சொல்லிக் கொடுத்தார். போர் முடிந்து 1842-ல் போட்ட நான்கிங் உடன்படிக்கையில் சீனா 2 கோடியே 10 லட்சம் வெள்ளி டாலர் கட்ட வேண்டி வந்தது. அதில் 60 லட்சம் அழிந்துபோன அபினுக்கான ஈடு என்று எழுத்திலேயே இருந்தது.

இதைவிட அப்பட்டமாக ஒரு போர் இருக்க முடியாது. ஆனால் இதே போருக்காக 1840 ஏப்ரலில் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் அரசைக் கண்டித்து ஒரு தீர்மானம் வந்தது. பின்னாளில் பிரதமரான கிளாட்ஸ்டன் அப்போது இளைஞர். இதைவிட அநியாயமான போரைத் தான் கேள்விப்பட்டதே இல்லை என்று எழுந்து பேசினார். அரசு 271–262 என்ற கணக்கில் தப்பியது. ஒன்பதே வாக்கு. பணம் நினைத்தால் எல்லாம் நடந்துவிடும் என்றால் இவ்வளவு இழுபறி ஏன் வந்தது?

இன்னொரு விஷயம், இதற்குத் திரும்பி வருவேன்: போருக்கான முடிவை மந்திரிசபை 1839 அக்டோபரிலேயே எடுத்துவிட்டது. நாடாளுமன்றம் பேசியது ஏப்ரலில். நடுவில் ஆறு மாதம்.

பிப்ரவரி 4, காலை

‘பணம் போரை விரும்புகிறது’ என்பது 1914 ஜூலையில் செல்லாது. அந்தக் கடைசி வாரத்தில் ஐரோப்பாவிலேயே அதிகமாகப் பயந்தவர்கள் லண்டன் நிதிச் சந்தைக்காரர்கள். வியன்னாவில் பங்குச் சந்தை ஏற்கெனவே மூடிவிட்டது. ஜூலை 31 அன்று லண்டன் சந்தையும் நியூயார்க் சந்தையும் மூடின. லண்டன் சந்தை திரும்பத் திறந்தது 1915 ஜனவரியில். இங்கிலாந்து வங்கியின் வட்டி விகிதம் ஜூலை 30 காலையில் 3 சதவீதம், ஆகஸ்ட் 1-ல் 10 சதவீதம். அன்றைய நிதியமைச்சர் லாய்டு ஜார்ஜ் பின்னாளில் சொன்னது இது: இங்கிலாந்து வங்கியின் ஆளுநரே கண்ணீரோடு, இந்தப் போரிலிருந்து நம்மை விலக்கி வையுங்கள் என்று தன்னிடம் கேட்டாராம்.

பிரிட்டிஷ் எழுத்தாளர் நார்மன் ஏஞ்சல் அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பே வாதிட்டிருந்தார்: வணிகத்தாலும் கடனாலும் இவ்வளவு பின்னிக் கிடக்கும் நாடுகளில் வென்றவனுக்கும் லாபம் கிடையாது என்று. கணக்கு சரி. ஆனால் லாபம் இல்லை என்று தெரிந்தால் போர் வராது என்று அவரைப் படித்தவர்களில் நிறையப் பேர் எடுத்துக்கொண்டார்கள். அவர் அப்படிச் சொல்லவில்லை. உங்கள் வாதமும் அதே கயிற்றின் மறுமுனைதான். பணம் வேண்டும் என்றால் போர் வரும், பணத்துக்குப் பயம் என்றால் வராது. 1914-ல் பணம் நடுங்கியது, போர் வந்தது.

பிப்ரவரி 4, மதியம்

‘அழுத அதே வங்கிகள் அப்புறம் போர்க் கடனில் கொழுத்தன’ என்று ஒருவர் எழுதியிருக்கிறார். பல வங்கிகள் கொழுத்தன. ஆனால் போர் தொடங்கியபின் லாபம் பார்ப்பது வேறு, லாபத்துக்காகப் போரைத் தொடங்குவது வேறு. இந்த விவாத இழை முழுக்க இவை இரண்டையும் தயவுசெய்து பிரித்தே வைத்திருப்போம்.

ஜெர்மனியில் போர்க் கடன் பத்திரங்களை வாங்கியவர்களில் சாதாரணக் குடும்பங்கள் ஏராளம். ஒன்பது முறை வெளியிட்டு ஏறத்தாழ 9,800 கோடி மார்க் திரட்டினார்கள். 1923 பணவீக்கத்தில் அந்தக் காகிதத்துக்கு மதிப்பே இல்லாமல் போயிற்று. கொழுத்தவர் கணக்கு எழுதுகிறவர்கள் இந்தக் குடும்பங்களையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

பிப்ரவரி 6

நான் பல வருஷம் கப்பல் காப்பீட்டில் வேலை பார்த்தவன். போர் நெருங்கும்போது பணம் எப்படி நடந்துகொள்கிறது என்பதைக் கிட்டத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். அது வில்லன் மாதிரி நடந்துகொள்வதில்லை. அதனாலேயே அதைக் கண்டுபிடிப்பதும் கஷ்டம்.

தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கம். சாதாரணக் கப்பல் பாலிசியில் போர்ச் சேதம் கிடையாது. போர் அபாயத்துக்குத் தனியாகக் காப்பீடு எடுக்க வேண்டும். அமைதிக் காலத்தில் அதன் பிரீமியம் ரொம்பக் குறைவு. லண்டன் சந்தையில் ஒரு கூட்டுக் குழு ஆபத்தான கடற்பகுதிகளின் பட்டியலை வைத்திருக்கிறது. பட்டியலில் உள்ள இடத்துக்குள் கப்பல் போனால் ஒவ்வொரு பயணத்துக்கும் கூடுதல் பிரீமியம். அது கப்பல் மதிப்பில் இத்தனை சதவீதம் என்று வரும். செங்கடலில் தாக்குதல்கள் தொடங்கியபோது 0.1 சதவீதத்துக்கும் கீழே இருந்தது சில வாரங்களில் 0.7, 1 என்று ஏறியது. 10 கோடி டாலர் கப்பலுக்கு ஒரு தடவை போய்வர 10 லட்சம் டாலர். நிலைமை மோசமானால் ஏழு நாள் நோட்டீஸில் காப்பீட்டையே ரத்து செய்துவிட்டுப் புது விலை பேசலாம். அமெரிக்கா, பிரிட்டன், பிரான்ஸ், ரஷ்யா, சீனா ஆகிய ஐந்தில் எந்த இரண்டு நாட்டுக்கு இடையே போர் மூண்டாலும் நோட்டீஸே தேவையில்லை, காப்பீடு தானாக முடிந்துவிடும் என்று ஒரு ஷரத்தே உண்டு. எந்த நாடும் வாயால் சொல்லத் தயங்குவதைப் பாலிசியில் எழுதி வைத்திருக்கிறார்கள்.

இனி 2003 தொடக்கத்துக்கு வருகிறேன். இராக் மேல் படையெடுப்பு வருமா வராதா என்று எல்லாரும் காத்திருந்த வாரங்கள். கப்பல் முதலாளிகள், புரோக்கர்கள், சரக்கு அனுப்புகிறவர்கள் எல்லாரும் தினமும் கூப்பிடுவார்கள். போர் வரட்டும் என்று ஒருவர்கூடச் சொன்னதில்லை. போர் கூடாது என்றும் சொல்லவில்லை. அத்தனை பேரும் சொன்னது, “ஏதாவது ஒண்ணு முடிவாகட்டும்.” விலை ஏறினாலும் சமாளிப்போம், இறங்கினாலும் சமாளிப்போம், இப்படித் தொங்கலில் நிற்பதுதான் தாங்கவில்லை என்பார்கள். கடைசி வாரங்களில் அந்தப் பேச்சு ‘தொடங்கினால் தொடங்கட்டும்’ என்று மாறியதைக் காதால் கேட்டேன். எங்கள் அலுவலகத்திலும் அதே மனநிலைதான், நான் உட்பட.

சந்தையும் இதையேதான் செய்தது. 1991 ஜனவரி 17 அன்று வளைகுடாவில் குண்டுவீச்சு தொடங்கியதும் கச்சா எண்ணெய் விலை ஒரே நாளில் சுமார் மூன்றில் ஒரு பங்கு விழுந்தது. போர் தொடங்கினால் விலை ஏறும் என்றுதானே நினைப்போம்? ஏறவில்லை. 2003 மார்ச்சிலும் படையெடுப்புக்கு முன் உச்சத்தில் இருந்த விலை, தொடங்கிய சில நாட்களில் 30 டாலருக்கும் கீழே வந்தது. சந்தை பயந்தது போருக்கு அல்ல, காத்திருப்புக்கு.

ஆகவே என் வாதம் இதுதான்: போருக்கு முந்தைய கடைசி வாரங்களில் பொருளாதார உந்துதல் என்பது பேராசையைவிடப் பொறுமையின்மையாகவே வேலை செய்கிறது. போர் வேண்டும் என்று யாரும் நினைக்காமலேயே எல்லாரும் சேர்ந்து அதைக் கிட்டத்தில் இழுத்து வருகிறார்கள்.

பிப்ரவரி 6, பின்னிரவு

“நீ படங்களைக் கொடு, போரை நான் கொடுக்கிறேன்” என்று பத்திரிகை முதலாளி ஹர்ஸ்ட் கியூபாவில் இருந்த தன் ஓவியருக்குத் தந்தி கொடுத்தார் என்று ஒருவர் போட்டிருக்கிறார். அந்தத் தந்தி இதுவரை யார் கையிலும் கிடைத்ததில்லை. 1901-ல் ஒரு பத்திரிகையாளர் தன் நினைவுகளில் எழுதியது மட்டும்தான் ஆதாரம். ஹர்ஸ்ட் அதை மறுத்தார்.

1898 அமெரிக்க-ஸ்பெயின் போருக்கு வேறு நல்ல சான்றுகள் இருக்கின்றன. பிப்ரவரி 15 இரவு ஹவானா துறைமுகத்தில் மெய்ன் என்ற அமெரிக்கப் போர்க்கப்பல் வெடித்து 260-க்கும் மேற்பட்ட மாலுமிகள் செத்தார்கள். ஸ்பெயின்தான் செய்தது என்று பத்திரிகைகள் கத்தின. 1976-ல் அட்மிரல் ரிக்கோவர் நடத்திய ஆய்வு, கப்பலுக்குள் நிலக்கரிக் கிடங்கில் பிடித்த தீயாகவே இருக்கலாம் என்றது. இதில் கவனிக்க வேண்டியது, அமெரிக்கப் பெருமுதலாளிகளில் பலர் வசந்தகாலம் வரைக்கும் அந்தப் போரை எதிர்த்தார்கள். அப்போதுதான் ஒரு பெரிய மந்தநிலையிலிருந்து தலைதூக்கிக் கொண்டிருந்தது வியாபாரம். பிறகு அவர்களும் மாறினார்கள். ஏன் மாறினார்கள் என்று கேட்டால் மேலே எழுதியதையே திரும்பச் சொல்ல வேண்டியிருக்கும்: தொங்கலில் நிற்கப் பிடிக்கவில்லை.

பிப்ரவரி 9

மக்கள் கருத்துக்கு வருவோம். ‘மக்கள் கடைசியில் கைதட்டுகிறார்கள்’ என்பதுதான் முதல் பதிவில் என்னை உண்மையில் உறுத்திய வரி.

1914 ஆகஸ்ட் என்றதும் எல்லார் மனத்திலும் வருவது தொப்பியைத் தூக்கிப் போட்டு ஆரவாரம் செய்யும் கூட்டங்களின் படங்கள். வரலாற்றாசிரியர்கள் அந்தப் படங்களுக்குப் பின்னால் போய்ப் பார்த்தார்கள். ஜான்-ஜாக் பெக்கர் பிரெஞ்சுக் கிராமப் பள்ளி ஆசிரியர்கள் அந்த நாட்களில் எழுதி வைத்த குறிப்புகளை எடுத்துப் படித்தார். படைதிரட்டல் மணி அடித்தபோது ஊர்களில் இருந்தது முதலில் அதிர்ச்சி, அழுகை, பிறகு ‘போய்த்தான் ஆக வேண்டும்’ என்ற ஏற்பு. உற்சாகம் பெரும்பாலும் பிற்பாடு, ரயில் நிலையங்களில். ஜெர்மனியில் ஜூலை கடைசி வாரத்தில் சமூக ஜனநாயகக் கட்சி கூட்டிய போர் எதிர்ப்புக் கூட்டங்களுக்கு லட்சக்கணக்கானோர் வந்தார்கள். ஜெஃப்ரி வெர்ஹே என்ற ஆய்வாளர் பெர்லின் தெருக்கூட்டங்களை நாள் வாரியாகப் பார்த்தவர். அந்தக் கூட்டத்தில் பெரும்பகுதி பத்திரிகையின் சிறப்புப் பதிப்பு எப்போது வரும் என்று காத்திருந்தவர்கள் என்கிறார். செய்தி தெரிந்துகொள்ள நின்றவர்கள். அவர்களைப் படம் எடுத்தபின் அது தேசபக்திக் கூட்டம் ஆகிவிட்டது.

காத்திருந்தவர்கள். கப்பல் முதலாளிகளும் அப்படித்தான். இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்றுதான் இவ்வளவு எழுதுகிறேன்.

2003-ல் என்னோடு வேலை பார்த்த ஒருவர் பிப்ரவரி 15 அன்று நடந்த போர் எதிர்ப்பு ஊர்வலத்துக்கே போனவர். அன்று உலகம் முழுக்க நூற்றுக்கணக்கான நகரங்களில் மக்கள் தெருவுக்கு வந்தார்கள். லண்டனில் போலீஸ் கணக்குப்படியே ஏழரை லட்சம். மார்ச் 20-க்குப் பிறகு அதே மனிதர், “ஆரம்பிச்சாச்சு, இனிமே சீக்கிரம் முடியணும், நம்ம ஆளுங்க ஜெயிக்கட்டும்” என்றார். அவர் மனசு மாறவில்லை. அவரிடம் இருந்த கேள்வி மாறிவிட்டது. முதலில் ‘போக வேண்டுமா’ என்று இருந்தது. பிறகு ‘போனவர்கள் சாக வேண்டுமா’ என்று ஆனது. கருத்துக் கணிப்பில் இரண்டும் ஒரே கோட்டில் வரும். அமெரிக்காவில் கேலப் கணிப்பில் போர் தொடங்கிய சில நாட்களில் ஆதரவு 72 சதவீதம் ஆனது. பிப்ரவரியில் அது 60-க்கும் கீழே. அந்தப் பன்னிரண்டு சொச்சம் சதவீதத்தை ‘போரை விரும்பியவர்கள்’ என்று எழுதுவது எனக்குக் கோபம் வரவைக்கிறது. போர் அவர்கள் மேல் வந்து விழுந்தது, அவர்கள் அதற்கு ஏற்ப நின்றார்கள்.

பிப்ரவரி 9, மாலை

அர்ஜென்டினாவை விட்டுவிட்டேன். 1982 மார்ச் 30 அன்று புவெனஸ் ஐரிஸ் மாயோ சதுக்கத்தை நோக்கித் தொழிற்சங்கங்கள் ஊர்வலம் போயின. கோரிக்கை: அமைதி, ரொட்டி, வேலை. விலைவாசி வருஷத்துக்கு இரட்டிப்பாகிக் கொண்டிருந்த நேரம். ராணுவ ஆட்சி ஊர்வலத்தை அடித்து நொறுக்கி நிறையப் பேரைக் கைது செய்தது. ஏப்ரல் 2-ல் பிரிட்டன் வசம் இருந்த மால்வினாஸ் (ஃபாக்லாந்து) தீவுகளில் படை இறங்கியதும் அதே சதுக்கம் ஆட்சியை வாழ்த்தும் கூட்டத்தால் நிரம்பியது.

இங்கே பொருளாதார உந்துதல் இருந்தது, ஆனால் முதல் பதிவு சொல்லும் வகை அல்ல. அந்தத் தீவுகளில் சம்பாதிக்க அந்தத் தளபதிகளுக்கு ஒன்றும் இல்லை. வீட்டுக்குள் பொருளாதாரம் நொறுங்கிப் போனதால் வெளியே போனார்கள். லாபத்தைத் தேடிப் போகும் போரைவிடத் தோல்வியை மறைக்கப் போகும் போர் ஆபத்தானது என்று நினைக்கிறேன். லாபப் போரில் நஷ்டம் தெரிந்தால் நிறுத்தலாம். இதில் நிறுத்தினால் ஆட்சியே போய்விடும்.

பிப்ரவரி 11

‘எண்ணெய் என்று வெளிப்படையாகச் சொன்னால் மக்கள் ஏற்பார்களா?’ நல்ல கேள்வி. ஒருவர் சொல்லிப் பார்த்திருக்கிறார்.

1990 நவம்பரில் அமெரிக்க வெளியுறவு அமைச்சர் ஜேம்ஸ் பேக்கர், இராக் பிடித்துக்கொண்ட குவைத் விஷயத்தில் இவ்வளவு படை எதற்கு என்று கேட்டதற்கு, ஒரே சொல்லில் வேண்டுமென்றால் வேலைவாய்ப்பு என்று பதில் சொன்னார். எண்ணெய் விலை ஏறினால் மந்தநிலை, மந்தநிலை வந்தால் வேலை போகும். பொருளாதாரப்படி அது நேர்மையான பதில்தான். மக்களிடம் எடுபடவில்லை. அதே மாதக் கணிப்புகளில் எண்ணெய்க்காகப் போர் என்பதற்குக் கிடைத்த ஆதரவைவிட, சதாம் அணு ஆயுதம் செய்யாமல் தடுக்கப் போர் என்பதற்கு மிக அதிக ஆதரவு இருந்தது. அதற்குப்பின் அரசுத் தரப்பில் எந்தக் காரணம் முன்னால் வந்தது என்று சொல்ல வேண்டியதில்லை.

அதற்கு முந்தைய மாதம், அக்டோபர் 10 அன்று, நயிரா என்ற 15 வயதுப் பெண் அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர்கள் முன்னால் அழுதுகொண்டே சாட்சி சொன்னாள். இராக் வீரர்கள் மருத்துவமனையில் குறைமாதக் குழந்தைகளை இன்குபேட்டரிலிருந்து எடுத்துத் தரையில் போட்டுச் சாக விட்டார்கள் என்று. 1991 ஜனவரி 12-ல் செனட் 52–47 என்று போருக்கு அனுமதி கொடுத்தது. விவாதத்தில் பல செனட்டர்கள் இந்தக் கதையைச் சொன்னார்கள். அந்தப் பெண் அமெரிக்காவில் இருந்த குவைத் தூதரின் மகள் என்பதும், சாட்சியத்துக்குப் பின்னால் குவைத் தரப்பிடம் ஒரு கோடி டாலருக்கும் மேல் வாங்கிய விளம்பர நிறுவனம் இருந்தது என்பதும் 1992-ல்தான் வெளியே வந்தது. கதைக்கு ஆதாரம் கிடைக்கவில்லை.

முதல் பதிவு எழுதியவர் இதைப் பார்த்து, ‘நான் சொன்னேனே, மேல்பூச்சு’ என்பார். எனக்கு வேறு ஒன்று தெரிகிறது. பணக் காரணம் மட்டும் போதுமானதாக இருந்திருந்தால் ஒரு கோடி டாலர் செலவழித்துக் குழந்தைக் கதை தேவைப்பட்டிருக்காது. பணத்துக்காகக் கொல்லச் சொன்னால் மக்கள் மாட்டோம் என்கிறார்கள். அந்த மறுப்பு இருக்கிறது என்பதற்கு அந்தச் செலவே சாட்சி. மக்கள் கருத்து என்று ஒன்று இல்லவே இல்லை என்றால் அதை ஏமாற்ற யாரும் மெனக்கெட மாட்டார்கள்.

பிப்ரவரி 13

விலை பற்றி.

2002 செப்டம்பரில் வெள்ளை மாளிகையின் பொருளாதார ஆலோசகர் லாரன்ஸ் லிண்ட்சே, இராக் போருக்கு 10,000 முதல் 20,000 கோடி டாலர் வரை செலவாகலாம் என்று ஒரு பத்திரிகைப் பேட்டியில் சொன்னார். பட்ஜெட் இயக்குநர் அது மிக மிக அதிகம் என்று மறுத்தார். டிசம்பரில் லிண்ட்சே பதவியை விட்டுப் போனார். அதே மாதம் அரசுத் தரப்பிலிருந்து வந்த புது மதிப்பீடு 5,000 முதல் 6,000 கோடி. படையெடுப்பு தொடங்கிய ஒரு வாரத்தில் துணைப் பாதுகாப்பு அமைச்சர் வுல்ஃபோவிட்ஸ் நாடாளுமன்றக் குழுவிடம், இராக்கின் மறுகட்டமைப்புச் செலவை இராக்கே சீக்கிரம் தாங்கிக்கொள்ளும் என்றார். கடைசியில் அமெரிக்காவின் நேரடிச் செலவு மட்டும் 80,000 கோடி டாலரைத் தாண்டியது. லிண்ட்சே சொன்னதும் குறைவுதான்.

1991 அனுபவமும் இதில் வேலை செய்திருக்கும். அந்தப் போரின் செலவு சுமார் 6,100 கோடி டாலர். அதில் 5,000 கோடிக்கும் மேல் சவூதி, குவைத், ஜப்பான், ஜெர்மனி போன்ற நாடுகள் கொடுத்துவிட்டன. ஒரு முறை பில்லை மற்றவர் கட்டியதால் அடுத்த முறையும் அப்படியே என்று நினைத்திருக்கலாம்.

பிப்ரவரி 4-ல் லாபத்தையும் காரணத்தையும் பிரித்து வையுங்கள் என்றேன். அதோடு இதையும் சேர்க்கிறேன்: லாபம் யாருக்கு என்பது சிலருக்கு முன்கூட்டியே பைசா சுத்தமாகத் தெரியும், செலவு யாருக்கு என்பது யாருக்குமே தெரியாமல் இருக்கும். 1915 முதல் ஜே.பி. மார்கன் நிறுவனம் பிரிட்டனுக்காக அமெரிக்காவில் சரக்கு வாங்கிக் கொடுத்தது. ஏறத்தாழ 300 கோடி டாலர் கொள்முதல், 1 சதவீதம் கமிஷன், 3 கோடி டாலர். இந்தக் கணக்கைப் போட ஐந்து நிமிஷம் போதும். அமெரிக்கா போருக்குப் போனால் ஒரு கிராமத்துக்கு என்ன ஆகும் என்று யாரால் அப்படிப் போட முடியும்? 1917 ஏப்ரல் 4 அன்று செனட்டர் ஜார்ஜ் நாரிஸ், நாம் அமெரிக்கக் கொடியில் டாலர் குறியைப் பதிக்கப் போகிறோம் என்று பேசினார். செனட்டில் எதிர்த்து வாக்களித்தவர்கள் 6 பேர். ஆதரித்தவர்கள் 82.

ஆனால் நாரிஸ் பேச்சை மட்டும் வைத்து முடித்துவிடாதீர்கள். 1916 நவம்பரில் அமெரிக்க மத்திய வங்கி வாரியமே, பிரிட்டன், பிரான்ஸுக்கு ஈடு வாங்காமல் கடன் கொடுப்பதில் ஜாக்கிரதை என்று வங்கிகளை எச்சரித்தது. அதிபர் வில்சனுக்கு அதில் உடன்பாடு. அதாவது போருக்கு ஐந்து மாதம் முன்னால் அரசே மார்கனின் வாடிக்கையாளரின் கழுத்தைப் பிடித்தது. அடுத்து ஜெர்மனி நீர்மூழ்கிகளைத் தடையில்லாமல் அவிழ்த்துவிட்டது, நிலைமை மாறியது. கடன்காரன்தான் இழுத்துவிட்டான் என்று 1930-களில் செனட்டர் நை தலைமையிலான குழுவின் விசாரணை நடந்தது. 1937-ல் கேலப் கேட்டபோது பத்தில் ஏழு அமெரிக்கர்கள் 1917-ல் போரில் இறங்கியது தவறு என்றார்கள். இருபது வருஷம் கழித்து.

பிப்ரவரி 14

முதல் பதிவு கேட்ட ‘ஒரு உதாரணம்’ இது. துருக்கி, 2003 மார்ச் 1.

அமெரிக்கா வடக்கிலிருந்தும் இராக்குக்குள் நுழைய, துருக்கி மண்ணில் 62,000 வீரர்களை இறக்க அனுமதி கேட்டது. பதிலுக்கு 600 கோடி டாலர் உதவி, அதன்மேல் பல மடங்கு கடன் வசதி என்று பேச்சு. 2001-ல் பெரிய நிதி நெருக்கடியில் விழுந்து எழுந்துகொண்டிருந்த நாடு அது. ஆளுங்கட்சித் தலைமை அனுமதி கொடுக்கச் சொன்னது. தளவாடக் கப்பல்கள் கரைக்கு வெளியே காத்து நின்றன. மக்களில் மிகப் பெரும்பான்மை எதிர்ப்பு. வாக்கெடுப்பு நடந்த நேரத்தில் அங்காராவில் பெருங்கூட்டம் தெருவில்.

முடிவு: ஆதரவு 264, எதிர்ப்பு 250, விலகியவர் 19. வந்திருந்தவர்களில் பாதிக்கு மேல், அதாவது 267, வேண்டும் என்பது விதி. மூன்று வாக்கில் தீர்மானம் விழுந்தது. திங்கட்கிழமை இஸ்தான்புல் பங்குச் சந்தை பத்து சதவீதத்துக்கும் மேல் சரிந்தது. பணம் எந்தப் பக்கம் நின்றது, மக்கள் எந்தப் பக்கம் நின்றார்கள் என்பதில் சந்தேகமே இல்லை. மக்கள் பக்கம் ஜெயித்தது.

‘போர் நடக்கத்தானே செய்தது?’ என்று கேட்பீர்கள். நடந்தது. துருக்கி வழியாக அல்ல. அந்த 62,000 பேர் அங்கே இறங்கவில்லை.

பிப்ரவரி 17

மக்களை முழுக்க நல்லவர்கள் ஆக்குகிறேன் என்று ஒரு புகார் வந்திருக்கிறது. அப்படிச் செய்ய மாட்டேன். மக்களுக்கும் பண ஆசை உண்டு. கி.மு. 415-ல் ஏதென்ஸ் சிசிலி மேல் படையெடுக்கப் பேசியபோது அங்கிருந்து உதவி கேட்டு வந்த செகஸ்டா நகரத் தூதர்கள் 60 தாலந்து வெள்ளியைக் கொண்டுவந்து காட்டினார்கள், 60 கப்பலுக்கு ஒரு மாதச் சம்பளம். எங்களிடம் இன்னும் நிறைய இருக்கிறது என்றார்கள். இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது. துடுப்புப் போடும் சாதாரணக் குடிமகனுக்கு இப்போது சம்பளம், வென்றால் தீராத சம்பளம் என்ற கனவு. நிகியாஸ் என்ற தளபதி, இதற்கு எவ்வளவு பெரிய படை வேண்டும் தெரியுமா என்று பயம் காட்டிப் பார்த்தார். அவ்வளவு பெரிய படை போனால் நிச்சயம் ஜெயிப்போம் என்று கூட்டம் இன்னும் சூடானது. வேண்டாம் என்று நினைத்தவர்கள், துரோகி என்பார்களே என்று கையைத் தூக்காமல் இருந்துவிட்டார்கள். அந்தக் காலத்து வரலாற்றாசிரியர் துசிடிடீஸ் இதை எழுதியிருக்கிறார். இரண்டு வருஷத்தில் அந்தப் படை முழுக்க அழிந்தது.

நம் பழைய இலக்கணக்காரர்கள் இதை மறைக்கவில்லை. மாடு கவர்வதை வெட்சி என்றார்கள், மண்ணாசையில் படையெடுப்பதை வஞ்சி என்றார்கள். இன்ன காரணத்துக்காகப் போகிறோம் என்று பெயர் வைத்துவிட்டுத்தான் போனார்கள்.

ஏதென்ஸ் கதையில் எனக்கு முக்கியமாகப் படுவது அந்த மௌனமாக இருந்தவர்கள். வாக்கெடுப்பில் அவர்களும் ‘ஆம்’ கணக்கில்தான் வருவார்கள்.

பிப்ரவரி 19

‘அப்படியானால் போருக்கு முன் பொதுவாக்கெடுப்பு வைத்துவிடலாமே?’

அமெரிக்காவில் லூயிஸ் லட்லோ என்ற உறுப்பினர் இதை அரசியல் சட்டத் திருத்தமாகவே கொண்டுவந்தார். நாட்டின் மேல் படையெடுப்பு வந்தால் தவிர, போர் அறிவிக்க மக்கள் வாக்கு வேண்டும் என்று. கணிப்புகளில் நல்ல ஆதரவு. அதிபர் ரூஸ்வெல்ட் கடுமையாக எதிர்த்தார். 1938 ஜனவரி 10 அன்று அதை விவாதத்துக்கு எடுப்பதா என்ற வாக்கெடுப்பிலேயே 188–209 என்று தோற்றது.

எனக்கு அந்த யோசனை மேல் மரியாதை உண்டு, ஆனால் இப்போது நம்பிக்கை குறைவு. காரணம் இந்த இழையில் எழுதியதுதான். பொதுவாக்கெடுப்பு வைத்தால் அது எப்போது வரும்? கடைசி வாரத்தில். படை போய் நின்றபின், சந்தை தொங்கலில் நிற்கும்போது, எல்லாரும் ‘ஏதாவது ஒண்ணு முடிவாகட்டும்’ என்று களைத்த நேரத்தில். கேள்வி கேட்பதற்கு அதைவிட மோசமான வாரம் கிடையாது. 1839-ல் முடிவு அக்டோபரில், பேச்சு ஏப்ரலில். 2002-ல் அமெரிக்க நாடாளுமன்றம் அனுமதி கொடுத்தது அக்டோபரில், கீழவையில் 296–133, செனட்டில் 77–23. தெருவில் லட்சக்கணக்கில் மக்கள் வந்தது பிப்ரவரியில். பிரிட்டிஷ் நாடாளுமன்றம் 412–149 என்று வாக்களித்தது மார்ச் 18-ல், அதற்குள் வீரர்கள் குவைத் பாலைவனத்தில் நின்றுகொண்டிருந்தார்கள். வெயில் காலம் வருவதற்குள் தொடங்க வேண்டும் என்பதே ஒரு வாதமாக ஓடியது.

பிப்ரவரி 21

முதல் பதிவு எழுதியவர் திரும்ப வந்திருக்கிறார். துருக்கியை ஒத்துக்கொள்கிறாராம், இன்னொன்று காட்டுங்கள் என்கிறார். 2013 ஆகஸ்ட் 29. சிரியாவில் ரசாயனத் தாக்குதல் நடந்து சில நாட்களில் பிரிட்டிஷ் பிரதமர் கேமரன் ராணுவ நடவடிக்கைக்கு நாடாளுமன்றத்தைக் கேட்டார். 272–285 என்று தோற்றார், அதை ஏற்றும் கொண்டார். விவாதம் முழுக்க உறுப்பினர்கள் 2003-ஐத்தான் பேசினார்கள். உளவுத் தகவலைக் காட்டு, செலவைச் சொல், அதற்கு அடுத்து என்ன என்று கேட்டார்கள். இந்த முறை தாக்குதல் இன்னும் தொடங்கவில்லை, குண்டுக்கு நடுவே நிற்கும் தங்கள் வீரர்களைக் கைவிடுகிறோம் என்ற பயம் உறுப்பினர்களுக்கு இல்லை. அதனால் ‘வேண்டாம்’ என்பதைச் சொல்ல முடிந்தது.

அந்த முடிவால் சிரியா மக்களுக்கு நன்மை வந்ததா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். வரவில்லை. அங்கே சாவு பல வருஷம் தொடர்ந்தது. அதையும் சேர்த்துத்தான் பேச வேண்டும், நாளை எழுதுகிறேன்.